சிங்கப்பூர் போகும் வழியில் குமணன்சாவடி

1. என் பெட்டி சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டது.

2. குமணன்சாவடி வரை போய்ச் சேர்ந்தது.

3. நான் அம்பத்தூரிலேயே இருக்கிறேன்.

4. கப்பல் கல்கத்தாவில் பழுதாகி நிற்கிறது.

5. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குடை பெட்டிக்குள் இருக்கிறது.

6. போன வியாழக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால்... அம்மாவைக் காணோம்.

எதையும் இப்படி வரிசை போட்டு எழுதினால்தான் எனக்குத் தெளியும். எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறவளுக்கு வேறு எப்படி வரும்? முதலில் பெயர். பிறகு கையா, காலா? பிறகு வலதா, இடதா? வரிசை தப்பினால் நன்றாக இருக்கிற காலுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள்!

ஆனால் மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தால் எனக்கே ஒன்றும் தெளியவில்லை. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் தனியாகக் கடல் கடந்து ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று கொஞ்ச நாள் முன்பு இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். அதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் விசாரிக்கிறார்கள். அங்கே மாமன் இருக்கிறாரா? மாப்பிள்ளை பார்த்திருக்கிறதா? உத்தியோகம் கிடைத்திருக்கிறதா?

மூன்றும் இல்லை. பட்டணத்துத் துறைமுகத்தில் கப்பல் ஏறுவது. பினாங்கில் இறங்குவது. அங்கிருந்து படகில் அக்கரை போய், ரயிலில் கோலாலம்பூர். மறுபடி ரயில் — சிங்கப்பூர். திரும்பும்போது வேறு கப்பலில் கொழும்பு. கொழும்பைப் பார்த்துவிட்டு வீடு. அவ்வளவுதான் திட்டம்.

இந்த ஆசை எனக்கு எங்கே பிடித்தது என்று கேட்டால், இருட்டறையில் என்றுதான் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே படத்தைக் கழுவுகிற அறை அது. கதவைச் சாத்திவிட்டால் ஒரு சிவப்பு விளக்கு மட்டும். தொட்டியில் மருந்துத் தண்ணீர். படத்தை அதில் முக்கி, மெல்ல ஆட்டிக்கொண்டே காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் கெட்டுப்போகும். வெளியே யார் கூப்பிட்டாலும் கதவைத் திறக்கக் கூடாது.

காத்திருக்கிற நேரத்தில் என்ன செய்வது?

மணிக்கட்டு உடைந்து ஒரு அம்மாள் வந்திருந்தாள். பினாங்கில் பல வருஷம் இருந்தவள். கையை அசைக்காமல் வைத்துக்கொள்ளச் சொல்லி, கவனத்தை மாற்றுவதற்காகப் பேச்சுக் கொடுத்தேன். அங்கே தெருவோரத்தில் ஜாதிக்காய் காயப்போட்டிருப்பார்களாம். சாயங்காலத்தில் மழை வந்து அரை நாழி பெய்து, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி வெயில் அடிக்குமாம். கடலைப் பார்த்த ஜன்னலில் நின்றால் சீனப் படகுகளின் பாய்கள் விசிறி மாதிரி விரிந்து போவது தெரியுமாம்.

அந்த அம்மாளின் மணிக்கட்டை அன்று இருட்டறையில் கழுவினேன். கறுப்பிலிருந்து வெள்ளையாக எலும்பு மெல்ல மேலே வந்தது... எனக்கென்னவோ விடியற்காலையில் தூரத்து ஊர் ஒன்று கடலிலிருந்து எழுந்து வருவது போலத் தெரிந்தது. முதலில் ஒரு கோடு. பிறகு மலை. பிறகு வீடுகள். அதன் பிறகு எந்தப் படத்தைக் கழுவினாலும் ஏதாவது ஒரு துறைமுகம் வந்துவிடுகிறது. விலா எலும்புக்குக் கோலாலம்பூர் ரயில் பாதை!

இதையெல்லாம் வீட்டில் சொல்ல முடியுமா? அட்டவணையை மட்டும் சொன்னேன்.

நைனா அம்பத்தூர் ஏரிப் பாசனத்தில் பயிர் வைப்பவர். அதிகம் பேச மாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“அங்க நெல்லு வெளையுதா?”

“தெரியல நைனா. பாத்துட்டு வந்து சொல்றேன்.”

“ம். இன்னா நெல்லுன்னும் கேட்டுக்கினு வா.”

அவர் சம்மதம் அப்படிக் கிடைத்தது. என் பயணக் குறிப்பில் அதற்கென்று தனியாக ஒரு எண் போட்டுக்கொண்டேன்.

நைனாவின் அண்ணன், என் பெரியப்பா, முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் தலையாட்டியாக வேண்டும். விஷயம் காதில் விழுந்ததும் ஆவடியில் ரயில் ஏறி நேரே வந்துவிட்டார். துண்டைக்கூடத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

“அங்க யாருடி கீறாங்க உனக்கு?”

“யாரும் இல்ல பெரிப்பா.”

“அப்பால இன்னாத்துக்குப் போற?”

“பாக்கறதுக்கு.”

“யார?”

“ஊர.”

“ஊரயா! இங்க கீற ஊர முழுசா பாத்துட்டியா நீ? முத்தாபுதுப்பேட்டைக்கு நீ வந்து எத்தினி வருசம் ஆவுது, சொல்லு பாக்கலாம்? பெரிப்பன் ஊடு எந்தத் தெருன்னாவது தெரியுமா? இவ சிங்கப்பூர் பாக்கப் போறாளாம்!”

அவர் கேட்டது வாஸ்தவம்தானே?

பிறகு அம்மா பக்கம் திரும்பினார். “நீ இன்னாம்மா சும்மா நிக்கிற? ஒண்டியா கப்பலேறின பொண்ண எவன் கட்டிக்கினு போவான்?”

அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள். “அதான் எனக்கும் பேஜாரா கீது மாமா” என்றாள். இரண்டு பக்கமும் சேராமல் நிற்பதில் அம்மா கெட்டிக்காரி.

உண்மையில் அம்மாவுக்கு இஷ்டமில்லை. அம்மா தனியாக எங்கேயும் போனவளே கிடையாது. திருத்தணிக்கு நைனாவோடு போவாள். கல்யாணங்களுக்குக் கூட்டத்தோடு வண்டியில் போவாள். அவள் ‘போகாதே’ என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கப்பல் எந்தக் கிழமை என்று கேட்டாள்.

திங்கட்கிழமை என்றேன்.

அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது! “திங்கக்கெழம கெழக்க சூலம். போவாதுடி.”

“கப்பலுக்கு அது தெரியாதும்மா.”

“அஷ்டமி வேற.”

நான் பஞ்சாங்கத்தை வாங்கிப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. ஆனால் பஞ்சாங்கம் கண்டுபிடித்தவர்கள் அவசரக்காரர்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பரஸ்தானம். கிளம்பும் நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் நம் சாமான் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அத்துடன் பயணம் தொடங்கியாயிற்று என்று கணக்கு. பிறகு எந்த நாளிலும் போய் அதை எடுத்துக்கொண்டு நம் வழியில் போகலாம். ஒரே நிபந்தனை — வைத்தது வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. வந்தால் அந்தப் பயணம் அதோடு செத்தது. அதே பயணத்தை மறுபடி தொடங்கவும் கூடாது.

நானே இதை ஞாபகப்படுத்தினேன். அம்மாவால் மறுக்க முடியவில்லை. “செரி, புதங்கெழம வெச்சிடலாம்” என்றாள்.

யார் வீட்டில் வைப்பது? சொந்தக்காரர் எவரும் பெரியப்பாவுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் எலிசபெத்துதான் கை கொடுத்தாள். அவள் வீடு குமணன்சாவடியில். அவள் புருஷன் அந்தோணி பூந்தமல்லிக்கும் பட்டணத்துக்கும் ஓடுகிற மோட்டார் பஸ்ஸின் டிரைவர். கப்பல் நாளில் பெட்டியை பஸ் தலையில் ஏற்றி, ஒரே ரோட்டில் நேரே பட்டணம் கொண்டுபோய்விடலாம் என்றார். கிழக்கே போகிற பெட்டி முதலில் மேற்கே போக வேண்டும்... போகட்டுமே!

இங்கேதான் என் படிப்பு என்னைக் கவிழ்த்தது.

சாதாரணமாக என்ன செய்வார்கள்? ஒரு புடவையையோ, கொஞ்சம் அரிசியையோ மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார்கள். அவ்வளவுதான் வழக்கம். நான் யோசித்தேன். எப்படியும் பெட்டி அந்த வழியாகத்தான் போகப் போகிறது. இப்போது ஒரு மூட்டை, அப்புறம் ஒரு பெட்டி என்று ஒரே வேலையை இரண்டு தடவை செய்வானேன்? ஆகவே டிரங்குப் பெட்டியையே கட்டிமுடித்து மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். நல்ல புடவைகள், புதுச் செருப்பு, குடை, சீப்பு, மாற்று மூக்குக் கண்ணாடி, பாஸ்போர்ட். எல்லாம்! அடுக்கிய வரிசையை இன்னும் கண்ணை மூடிச் சொல்வேன்.

அம்மா வண்டியை எட்டிப் பார்த்தாள். “இன்னாடி இது, ஊட்டையே தூக்கிக் குட்த்துட்ட! ஒரு பொடவ போதும்னேனே.”

“ஒரே வேலையா முடிஞ்சிடுச்சிம்மா.”

முடியவில்லை. அடுத்த வாரமே கப்பல் கம்பெனி ஏஜென்ட் கையை விரித்தார். கப்பலின் யந்திரத்தில் ஏதோ முறிந்துவிட்டதாம். கல்கத்தாவில் ரிப்பேராம். எப்போது புறப்படும் என்று சொல்ல முடியாதாம். ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா லீவைப் பற்றிப் பெரிய மனசு பண்ணினாள். “கப்பல் வரும்போது போ” என்றாள். ஆனால் பெட்டி? அது போனது போனதுதான்.

மழை ஆரம்பித்தது. குடை பெட்டியில். நனைந்துகொண்டே ஸ்டேஷனுக்கு ஓடினேன். பழைய செருப்பின் வார் அறுந்தது. புதுச் செருப்பு பெட்டியில். மூக்குக் கண்ணாடி கீழே விழுந்து கீறல் கண்டது. மாற்றுக் கண்ணாடி... சொல்ல வேண்டுமா?

“ஒரு நாளு போய் கொடைய மட்டும் எடுத்துக்கினு வந்துடறேம்மா.”

“போனது திரும்பி இந்த வாசப்படி ஏறக் கூடாது. நனஞ்சா தலைய தொவட்டிக்கோ.”

டிக்கெட்டை மாற்ற ஏஜென்ட் பாஸ்போர்ட் கேட்டார். அம்மா நன்றாக யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள். பாஸ்போர்ட் பெட்டியிலிருந்து வெளியே வரலாம், பட்டணம் போகலாம், குமணன்சாவடிக்கே திரும்பலாம், ஆனால் அம்பத்தூர் எல்லையை மிதிக்கக் கூடாது. அப்படியே செய்தேன். என்னைவிட என் பாஸ்போர்ட்டுக்குக் கட்டுப்பாடு அதிகம்!

ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைப் பார்க்கப் போக ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களைப் பார்க்கப் போவது மாதிரி.

எலிசபெத் வீடு சின்னது. உள்ளே நுழைந்ததும் எதிரே என் பெட்டிதான். அதன் மேல் பின்னல் துணி விரித்து மாதா படமும் விளக்கும் வைத்திருந்தார்கள்.

“தங்கச்சி, உன் பொட்டி ரொம்ப மரியாதியா கீது” என்றார் அந்தோணி. “ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல. காப்பி வேணுமான்னு கேட்டேன். வாணாம்னுச்சு.”

“சும்மா இருங்க” என்று அதட்டினாள் எலிசபெத். “இவரு பஸ்ல வர்றவங்க கிட்ட எல்லாம் சொல்லி வெச்சிட்டாரு மரகதம். ‘எங்க ஊட்ல ஒரு பொட்டி கீது, சிங்கப்பூர் போவுது’ன்னு. தெருவே வந்து பாத்துட்டுப் போவுது. ஒரு அம்மா தொட்டுப் பாத்துட்டு, ‘கடல் தண்ணி பட்டா துருப் புடிக்குமே’ன்னு வெசனப்பட்டுக்கினு போச்சு.”

அவர்கள் வீட்டில் சாயங்காலம் ஜெபம் உண்டு. நோயாளிகளுக்காக வேண்டுவார்கள், ஏழைகளுக்காக வேண்டுவார்கள். ‘பிரயாணத்தில் இருப்பவர்களுக்காக’ என்று வந்ததும் எல்லாரும் என் பெட்டியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பக்கத்தில் மண்டியிட்டிருந்த என்னை யாரும் பார்க்கவில்லை. நியாயம்தான். பிரயாணத்தில் இருந்தது அதுதானே!

ஒரு ஞாயிறு, செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டதென்று பார்க்கப் போனோம். கரை மேல் ஏறி நின்றேன். கண்ணுக்கு எட்டினவரை தண்ணீர். அக்கரை தெரியவில்லை. காற்றில் சின்னச் சின்ன அலைகள் வந்து கல்லில் தட்டின. எங்கேயோ ஒரு வலைக்காரனின் ஓடம் நின்றுகொண்டிருந்தது. மழை மேகம் ஒன்று இறங்கி, தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன.

அந்தச் சாம்பலில் நான் கொஞ்ச நேரம் பினாங்கில் இருந்தேன். ஜாதிக்காய் மணத்தைத் தாண்டி நடந்தேன். பெயர் தெரியாத தெருவில், என்னைத் தெரியாதவர்கள் நடுவில், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாமல்... எந்தத் திருப்பத்தில் திரும்புவது என்று நானே யோசித்து, நானே திரும்பி. கோலாலம்பூரில் ரயில் ஜன்னலில் ரப்பர் மரங்கள் வரிசையாக ஓடின. சிங்கப்பூரில் விளக்குகள் தண்ணீரில் நீளமாக விழுந்திருந்தன.

“மரகதம், தூத்தல் போடுது, வா!” என்று எலிசபெத் கத்தினாள்.

திரும்பி வரும்போது நன்றாக நனைந்தோம். குடை எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

இப்படி வாரங்கள் போயின. பெரியப்பா மட்டும் சும்மா இருக்கவில்லை. வழியில் யாரைப் பார்த்தாலும் சொல்லியனுப்புவார். “கப்பலே ஒடஞ்சிடுச்சி. சாமியே வாணாம்னுது. பொட்டிய எடுத்துக்கினு வந்து ஊட்ல போடச் சொல்லு.” அம்மா கேட்டுக்கொள்வாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் மௌனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. பெட்டி வீட்டு வாசற்படி ஏறினால் என் நான்கு ஊர்களும் போய்விடும். அதை எடுத்து வருவதற்கு அம்மாவுக்கு ஒரு சாக்குதான் தேவை.

போன வியாழக்கிழமை அந்தச் சாக்கு வந்தது.

எலிசபெத்தின் தங்கைக்கு நாள் முந்தி வலி எடுத்து, பிரசவத்துக்கு அக்காள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். எலிசபெத் வேலைக்கு வரவில்லை. அந்தச் சின்ன வீட்டில் கட்டில் போட வேண்டும், தாயும் பிள்ளையும் படுக்க வேண்டும், பெட்டிக்கு இடமேது? அந்தோணி அம்பத்தூர்ப் பக்கம் வந்த ஒரு மாட்டு வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார் — பெட்டியைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் நல்லது என்று. நான் அப்போது பட்டணத்தில், யாரோ ஒருவரிடம் “மூச்சை இழுத்துப் பிடியுங்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். நைனா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா எங்க நைனா?”

“கொமணஞ்சாவடி. பொட்டிய எடுக்க.”

“ஒண்டியாவா?”

“நான் வர்றேன்னேன். வாணாம்னுட்டா. அந்த வண்டியிலயே ஏறிப் போய்ட்டா.”

எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குக் கோபம் எப்போதுமே மெதுவாகத்தான் வரும். கை கால் கழுவிவிட்டு உலை வைத்தேன். அடுப்பெதிரே உட்கார்ந்து, ஊர்களை ஒவ்வொன்றாக மடித்து வைத்தேன். முதலில் கொழும்பு. அது கடைசி ஊர், அதிகம் கனவு கண்டிருக்கவில்லை, சுலபமாக மடிந்தது. பிறகு சிங்கப்பூர். பிறகு கோலாலம்பூர். பினாங்கை மட்டும் மடிக்க வரவில்லை. சாதம் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா வந்தாள். வண்டிச் சத்தம் கேட்கவில்லை. குமணன்சாவடிப் பாதையிலிருந்து வரவில்லை. ஸ்டேஷன் பக்கமிருந்து வந்தாள். தலையெல்லாம் ரயில் கரித் தூள். புடவை முட்டிவரை சேறு. இரண்டு கையும் வெறுங்கை.

“பெட்டி எங்கம்மா?”

“மொதல்ல குடிக்கத் தண்ணி குடு.”

கொடுத்தேன். ஒரு செம்பையும் அண்ணாந்து குடித்தாள். உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இருந்தது களைப்பு இல்லை. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

“பொட்டிய வண்டில ஏத்திட்டேன். ஊட்டுக்குத்தான்டி எடுத்தாரலாம்னு போனேன். பொய் சொல்லுவானேன். ‘விட்டுது தொல்ல’ன்னுகினுதான் போனேன். வந்துக்கினே கீறோம், ரோடு ரெண்டா பிரியுது பாரு, ஒண்ணு இப்டிக்கா நம்ம ஊருக்கு, இன்னொண்ணு அப்டிக்கா ஆவடிக்கு. அங்க வண்டிக்காரன் மாட்ட நிறுத்திட்டுக் கேட்டான், ‘எந்தப் பக்கம்மா போவணும்?’னு.”

அம்மா செம்பைக் கீழே வைத்தாள்.

“என்னை யாருடி இதுவரிக்கும் அப்டிக் கேட்டுக்கிறாங்க?”

நைனா மாட்டுத் தொட்டிப் பக்கத்திலிருந்து வந்து வாசலில் நின்றுகொண்டார்.

“தோ இவுரு கூடப் போனா இவுரு போற பக்கம். ஊர்சனத்தோட போனா அவங்க போற பக்கம். ஒண்டியா வண்டில குந்திக்கினு, எந்தப் பக்கம்னு ஒருத்தன் என்னைக் கேக்கறான்... எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. ஒடனே சொல்ல வாய் வர்ல. மாடு பாட்டுக்கு நிக்குது. நான் பாட்டுக்கு ரெண்டு ரோட்டையும் மாத்தி மாத்திப் பாக்கறேன்.”

“அப்புறம்?”

“வெளிய போன பொட்டிய நானே எப்டிடி உள்ள எடுத்தார்றதுன்னு தோணிச்சி. ‘ஆவடிக்கு வுடு’ன்னேன். வியாழக்கெழம தெக்கதான் சூலம், வடக்க போலாம்.”

“ஆவடில யார் வீட்டுல வெச்ச?”

“முத்தாபுதுப்பேட்டைக்குப் போய்ட்டேன். உங்க பெரிப்பா ஊட்ல.”

நைனா இருமினார். அது சிரிப்பாகவும் இருக்கலாம்.

“பொட்டியப் பாத்ததும் அவருக்கு ஒரே குஷி. ‘இன்னாம்மா, போன பொட்டி திரும்பிடுச்சா? இப்பதான் நல்ல புத்தி வந்துக்கீது’ன்னாரு. ‘இல்ல மாமா, திரும்பல, இப்பதான் போய்க்கினே கீது. பரஸ்தானம். குடும்பத்துக்குப் பெரியவரு ஊட்லருந்து கெளம்புனாதான் பொண்ணுக்கு நல்லது. வாணாம்னா சொல்லுங்க, ஊட்டுக்கே திருப்பி எடுத்துக்கினு போறேன். அப்பால பொண்ணுக்கு நல்லது கெட்டது எதுன்னாலும் நீங்கதான் பாத்துக்கணும்’னேன்.”

“என்ன சொன்னார்?”

“இன்னா சொல்வாரு? ‘புடிடா அந்தப் பக்கம்’னு வண்டிக்காரனக் கூப்ட்டு, அவரே ஒரு கை புடிச்சி எறக்கி, சாமி ரூமாண்ட வெச்சாரு. ‘ஓதம் ஏறும்’னு கீழ ரெண்டு செங்கல்லு குடுத்தாரு.”

அதற்குப் பிறகு அம்மா சொன்னதுதான் எனக்கு முக்கியம். வண்டிக்காரர் ஆவடி ஸ்டேஷனில் இறக்கிவிட்டாராம். ஜன்னல் துவாரத்தில் கையை விட்டுத் தானே டிக்கெட் வாங்கினாளாம். “மாத்திக் குடுத்துடுவானோன்னு ரெண்டு வாட்டி ஊரு பேரச் சொன்னேன்” என்றாள். ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததாம். வயல்களில் தண்ணீர் நின்று, அதில் வானம் கிடந்து, அதுவும் ரயிலோடு கூடவே ஓடி வந்ததாம்.

“எறங்க வேண்டிய எடம் வந்துடுச்சி” என்றாள் அம்மா. விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எறங்கவே மனசு வர்லடி. இன்னும் ஒரு ஸ்டேசன் தாண்டிப் போய்த்தான் பாப்போமேன்னு இருந்துச்சி. அங்க யாரும் இல்ல எனக்கு. சும்மா... பாக்கறதுக்கு.”

நைனா காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

எத்தனையோ பேரை எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன். ‘மூச்சை இழுத்துப் பிடியுங்கள்’ என்று சொல்லுவேன். பிடித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பார்கள். ‘விடலாம்’ என்று சொல்லும்வரை விட மாட்டார்கள். சிலரிடம் அதைச் சொல்வதற்கு யாரும் வருவதே இல்லை போலிருக்கிறது. கல்யாணம் ஆனதிலிருந்து பிடித்த மூச்சை, ஒரு மாட்டு வண்டிக்காரர் வந்து ‘எந்தப் பக்கம்?’ என்று கேட்கும்வரை...

போகட்டும். குழைந்த சாதத்தைப் பரிமாறினேன். நைனா சாப்பிட்டுக்கொண்டே அம்மாவைக் கேட்டார்.

“முத்தாபுதுப்பேட்டப் பக்கம் பயிரு எப்டி கீது?”

அம்மா விவரமாகச் சொன்னாள். பார்த்துக்கொண்டேதான் போயிருக்கிறாள்.

இப்போதைய நிலவரம்: எலிசபெத்தின் தங்கைக்குப் பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம். கப்பல் இன்னும் கல்கத்தாவில். பாஸ்போர்ட்டும் குடையும் முத்தாபுதுப்பேட்டையில், செங்கல் மேல். கப்பல் எப்போது புறப்படுகிறது, அதற்குள் பூட்டுக்கு எண்ணெய் போட்டு வைக்கவா என்று பெரியப்பா ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார். நான் அம்பத்தூரில், நனைந்தபடி, பினாங்கை மறுபடி விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மா பெட்டியைப் பார்க்க ரயிலில் போகிறாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள்.